விருந்து நாளில் கடை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து உண்ணும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி சொல்லும் நாள்) பண்டிகையில் வணிகம் கைவைப்பது புதிதல்ல. அதற்குப் பின் தொடங்கும் கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தை நீட்டவே 1939-ல் அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை. நவம்பர் நான்காம் வியாழன் என்று 1941-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை கடைகள் தரும் பெரிய தள்ளுபடியைப் பண்டிகை நாளான வியாழன் மாலைக்கே கொண்டுவந்தால் அடிபடுவது விருந்துதான். உறைந்த 15 பவுண்டு வான்கோழி இளக, ஃப்ரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் ஆகும். பிறகு 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் சுமார் நான்கு மணி நேரம். ஆறு மணிக்குக் கடை திறந்தால் ஊழியர் ஐந்துக்கே அங்கே நிற்க வேண்டும். அவர் வீட்டில் யார் பரிமாறுவது, யார் சாப்பிடுவது?

பல பெருங்கடைகள் இப்போது தாமாகவே மூடுகின்றன என்பது உண்மை; அது முதலாளியின் தயவு. மாசசூசெட்ஸ், மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் அன்று பெரிய கடைகளைத் திறக்கச் சட்டமே தடை. மற்ற மாநிலங்களும் அப்படிச் சட்டம் இயற்ற வேண்டும்.

– ஒரு வாசகர்