பிதாசோவா கரை மலைச்சாலைகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி மறுபடி ஏற்றங்களில் ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. செப்டம்பரில் சைக்கிளோடு பாஸ்க் நாட்டுக்கு, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் ஓடும் பிதாசோவா ஆற்றுப் பக்கம் வருவது நல்ல முடிவு. ஆகஸ்ட் சுற்றுலாக் கூட்டம் வடிந்திருக்கும், அக்டோபர் வேட்டைக்காரர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள்.

நீ அனுப்பிய பாதைக் கோப்பைப் பார்த்தேன். இரண்டு இடங்களை மாற்றியே ஆக வேண்டும். ஒன்று, எல்லையோர ஊரான பெராவிலிருந்து தெற்கே என்-121-ஏ சாலையில் உன்னை ஓட்டிக்கொண்டு போகிறது. பம்ப்லோனாவையும் பிரெஞ்சு எல்லையையும் இணைக்கும் சாலை அது; நாள் முழுக்க லாரி. அதில் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். இன்னொன்று, லெசாகாவுக்கு முன்னால் 'குறுக்குவழி' என்று அந்தச் செயலி காட்டுவது பண்ணை வீட்டுக்குப் போகும் சிமென்ட் பாதை. அப்படிப்பட்ட பாதைகளில் 20 சதவீத ஏற்றம் சர்வசாதாரணம். மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் போட்டது, குறுக்கே வரி வரியாகக் கீறியிருப்பார்கள், மேலே போனால் நாயும் வாசல் கேட்டும்தான் இருக்கும். வரைபடத்தில் நல்ல உள்ளூர்ச் சாலையும் இந்தச் சிமென்ட் பாதையும் ஒரே வெள்ளைக் கோடு. கோப்பைச் சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் செயற்கைக்கோள் படத்தில் ஒரு தடவை பார்த்துவிடு.

இங்கே ஒரு சாலை காலியாகக் கிடந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பள்ளத்தாக்குகள் குறுகல், ஆறு, ரயில், நெடுஞ்சாலை, தொழிற்சாலை எல்லாம் அடிவாரத்திலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. அதனால் சமதளம் என்றாலே நெரிசல், மேலே ஏறினால் அமைதி. சுரங்கம் திறந்த இடத்தில் பழைய கணவாய்ச் சாலை அப்படியே சைக்கிளுக்கு மிச்சம். 847 மீட்டர் உயரமுள்ள பெலாட்டே கணவாய்க்குக் கீழே சுரங்கம் வந்த பிறகு பெரும்பாலான லாரிகள் அதற்குள் போய்விட்டன. மேலே நல்ல அகலமான தார்ச்சாலை, வண்டிதான் குறைவு. 2009-இல் எய்பாருக்கும் விட்டோரியாவுக்கும் இடையே ஏபி-1 விரைவுச்சாலை முழுமையானதும் ஆர்லபான் கணவாய்க்கும் இதே கதை. சாலை எண்ணும் கைகொடுக்கும். கிபுஸ்கோவா மாகாணத்தில் ஜிஐ, பிஸ்காயா மாகாணத்தில் பிஐ என்ற எழுத்துக்குப் பின் நான்கு இலக்கம் வந்து, அது 3-இல் தொடங்கினால் உள்ளூர்ச் சாலை. அதைத் தேடு.

ஆக, அமைதிக்குக் கொடுக்கும் விலை ஏற்றம்தான். அதனால் முதலில் கியரைக் கவனி. உன் வண்டியில் மிதிக்கட்டைப் பக்கச் சின்னப் பல்சக்கரம் (செயின்ரிங்) 34 பல், பின்சக்கரப் பல்சக்கர அடுக்கில் (கேசட்) பெரியது 28 என்று எழுதியிருக்கிறாய். நீ, வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வை. 12 சதவீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க அந்தக் கியரில் ஏறக்குறைய 270 வாட் வேண்டும். கேசட்டை 34-ஆக மாற்றினால் அதே மிதிக்கு 220 வாட் போதும், வேகம் மணிக்கு 7.7 கிலோமீட்டர். முன்னால் 30 பல் போட்டால் 195. முழங்கால் நொந்து தேறியவனுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. 60 சுற்றுக்குக் கீழே இறங்கினால் சுமை மூட்டில் விழுகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சராசரிக் கணக்கை நம்பாதே. ஹைஸ்கிபெல் 7.9 கிலோமீட்டர், சராசரி 5.6 சதவீதம், எர்லைட்ஸ் வெறும் 3.8 கிலோமீட்டர், ஆனால் 10.6. இரண்டும் சான் செபாஸ்தியான் பந்தயத்தில் பெயர் வாங்கிய ஏற்றங்கள். ஹைஸ்கிபெல் 34-க்கு 28-இலேயே போய்விடும். எர்லைட்ஸ் அப்படியில்லை. ஏற்றத்தின் நடுவே கொஞ்சம் சமதளமோ இறக்கமோ வந்தால் சராசரி இறங்கிவிடும், செங்குத்து இறங்காது. பெயர் தெரியாத சின்ன ஏற்றமென்றால், கிலோமீட்டர் வாரியான கணக்கை மட்டும் பார்.

கேசட் மாற்றும்போது தப்பு நடக்கும் இடம் இது. பின்னால் செயினைப் பல் மாற்றி, தளர்வை இழுத்துப் பிடிக்கும் கருவி டெரெய்லர்; 28-க்கு வந்த குட்டைக் கூண்டு டெரெய்லர் பெரும்பாலும் 30 பல்லுக்கு மேல் தாங்காது. 50/34 செயின்ரிங்கும் 11-34 கேசட்டும் சேர்ந்தால் முன்னால் வித்தியாசம் 16, பின்னால் 23, ஆக 39 பல் அளவுக்குச் செயின் தளர்வை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். நீளக் கூண்டு இல்லாமல் முடியாது. செயினும் புதிதாக வெட்ட வேண்டும். டெரெய்லருக்குள் விடாமல் முன்னால் பெரிய ரிங், பின்னால் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றிப் பிடித்து, மேலே ஒரு உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி விட்டு வெட்டு. பழைய செயினையே போட்டால் அவசரத்தில் பெரியதுக்குப் பெரியது மாற்றும் அந்த ஒரு நொடியில் டெரெய்லர் இழுபட்டு, அதைச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கர் முறியும். மாட்டி முடித்ததும் டெரெய்லரின் மேல் உருளை 34 பல் சக்கரத்தில் உரசுகிறதா பார். உரசினால், அந்த இடைவெளியைக் கூட்டும் பி-ஸ்க்ரூவை இறுக்கு. விமானப் பெட்டியில் ஹேங்கர் வளைவது வழக்கம், உன் சட்டத்துக்கான உதிரி ஒன்று கையோடு இருக்கட்டும். இங்கே கடையில் அதே அச்சு கிடைக்கும் என்று எண்ணாதே.

இனி பாதை. நீ இருனில் தங்குவதால் முதல் நாளுக்கு இந்தச் சுற்று சரியாக இருக்கும். சுமார் 80 கிலோமீட்டர். என்-1 நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் குருட்சே வழியாக ஒயார்ட்சுனுக்குப் போ. எர்கோயென் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், இடதுபுறம் அயாகோ ஹாரியா மலையின் கருங்கல் முகடு கூடவே வரும். அரிச்சுலெகி கணவாயின் உச்சி 439 மீட்டர். அங்கே சின்னச் சுரங்கம் ஒன்று. வெயிலிலிருந்து திடீரென்று இருட்டுக்குள் நுழைவாய், ஆகவே முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும். அப்புறம் எந்தாரா நீர்த்தேக்கம் வரைக்கும் இறக்கம், இறங்கியது அத்தனையும் மறுபடி அகின்யா மேட்டுக்கு ஏற வேண்டும். இறக்கத்தில் உடம்பு குளிர்ந்த பிறகு வரும் ஏற்றம், முதல் 5 நிமிடம் மெதுவாகவே மிதி. அகின்யாவில் சிற்பி ஒத்தேய்சா 1959-இல், பாஸ்க் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த பாதிரியார் தொனோஸ்தியாவுக்காக நிறுவிய கற்சின்னம் இருக்கிறது, அருகிலேயே வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்கள். இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். இசை தொகுத்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது.

அங்கிருந்து லெசாகாவரை நீண்ட இறக்கம், பாதிக்கு மேல் மர நிழல். மழை நின்று இரண்டு நாளானாலும் வளைவின் உள்பக்கம் பாசி ஈரமாகவே இருக்கும். மரம் வெட்டும் லாரி சேற்றை இழுத்துப் போட்டிருக்கும், செப்டம்பர் கடைசியில் கஷ்கொட்டை முள்ளும் சேரும். கால்நடை தாண்டாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பதித்திருப்பார்கள். அதை நேராக, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் தாண்டு. வேகத்தை அதற்கு முன்பே குறைத்துக்கொள். சாய்ந்தபடி ஈரக் குழாயைத் தொட்டால் வண்டி வழுக்கிவிடும்.

பிரேக் பற்றி ஒரு கணக்கு. 12 சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக்கில் 700 வாட் அளவுக்குச் சூடு சேருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று எரிந்துகொண்டே இருப்பதற்குச் சமம். ஆகவே விட்டு விட்டுப் பிடி. வளைவுக்கு முன்னால் பலமாக, நேரில் முழுவதும் விட்டு. டிஸ்க் என்றால் ஈரத்துக்கு உலோக பேடு போடு. ரெசின் பேடு சத்தம் குறைவு, ஆனால் மணல் கலந்த மழைநீரில் சீக்கிரம் தேயும். டயர் 30 மி.மீ., உன் எடைக்கு முன்னால் 60, பின்னால் 65 பிஎஸ்ஐ. மழையென்றால் இரண்டிலும் 5 குறை.

லெசாகாவிலிருந்து ஆற்றங்கரைக்கு வந்து, நெடுஞ்சாலையைத் தொடாமல் பழைய பிதாசோவா ரயில்தடத்தைப் பிடி. 1956-இல் மூடிய குறுகிய பாதை ரயில், இப்போது சைக்கிள் பாதை. சில இடம் தார், சில இடம் சரளை, 30 மி.மீ. டயருக்குக் கவலையில்லை. எச்சலார் ஊருக்குப் பிரியும் கிளையில் திரும்பி லிசாரியெட்டா கணவாய் ஏறு. 441 மீட்டர், ஒரே சீரான ஏற்றம், முழுக்கக் காடு. இந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடித்த துண்டு இதுதான். அக்டோபரில் இதே மேட்டில் வலை கட்டிக் காட்டுப்புறா பிடிப்பார்கள், அப்போது கார் வரிசையாக நிற்கும். அந்தப் பக்கம் இறங்கினால் பிரான்சில் சாரா. சாராவிலிருந்து அஸ்கேன் போகும் சாலையைத் தவிர்த்துவிடு. லாருன் மலைக்கு ஏறும் பல்சக்கர ரயில் அந்த வழியில்தான் புறப்படுகிறது, 1924-இலிருந்து ஓடுகிறது, கூட்டமும் அதற்கேற்ப. லிசுனியாகா மேட்டைத் தாண்டிப் பெரா வந்து, மறுபடி ரயில்தடத்திலேயே எந்தர்லாட்சா வழியாக இருன். கடைசித் துண்டு சமதளம் என்பதால்தான் இந்தத் திசையில் சுற்றச் சொல்கிறேன்.

சாப்பாடு, தண்ணீர் பெரிய பிரச்சினையில்லை. ஊர்ச் சதுக்கத்தில் குழாய் இருக்கும். கடைகள் மதியம் மூடிவிடும். ஆனால் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருப்பதால் சாலை அப்போதுதான் மிகவும் காலி. பன்னையும் வாழைப்பழத்தையும் பையில் போட்டுக்கொண்டு அந்த நேரத்தில் ஓட்டு. தூறலுக்கு இலேசான மழைக்கோட்டு போதும். தெற்குக் காற்றில் சூடாக இருக்கிறதே என்று அதை அறையில் விட்டுவராதே. காற்று வடமேற்குக்குத் திரும்பினால் கடலோரத்தில் சில நிமிடங்களில் பத்து டிகிரி இறங்கிவிடும். ஸ்பெயின் பக்கம் ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம், காதில் இயர்போன் கூடாது. முந்தும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். மலைச்சாலையில் அநேகமாகப் பொறுமையாகப் பின்னாலேயே வருவார்கள். பதற்றப்பட்டு ஓரத்துச் சரளையில் இறங்காதே.

இரண்டாம் நாளுக்குப் பஸ்தான் பள்ளத்தாக்கில் இஸ்பெகி கணவாயா அர்த்தெசியாகா கணவாயா என்று கேட்டிருந்தாய். இஸ்பெகி 672 மீட்டர், பைகோரி பக்கத்திலிருந்து எட்டு கிலோமீட்டர், இலகு. அர்த்தெசியாகா 984, நீளம், சாலை கரடுமுரடு, ஆனால் வண்டி மிகக் குறைவு. முதல் நாள் முழங்கால் எப்படியிருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்வோம். அதற்கு முன், உன் டெரெய்லர் கூண்டில் இரண்டு உருளைகளின் நடுவுக்கு நடு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. குட்டைக் கூண்டு என்றால் நீளமானதை இங்கே வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்