பங்கர் என்றாலும் அது ஒரு தந்திக் கந்தோர்தான்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அணுகுண்டுப் போர் வந்தால் கனடா அரசாங்கம் உள்ளே இருந்து இயங்கவென்று ஒட்டாவாப் பக்கம் நிலத்துக்குக் கீழே கட்டிய டீஃபன்பங்கரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் ‘பிரதமர் ஒளித்திருக்கக் கட்டிய குழி, ஒரு நாளும் பாவிக்கப்படாமல் வீணாய்ப் போனது’ என்று முடித்திருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் 1970களில் கொழும்பில் தந்திக் கந்தோரில் ரெலிபிரிண்டர் (இங்கே அடிக்கிற எழுத்தைக் கம்பி வழியே அனுப்பி மற்றப் பக்கத்தில் அச்சடிக்கிற இயந்திரம்) அடித்தவன். போன கோடையில் மகளின் குடும்பத்தோடு போய் அந்த இடத்தை இரண்டு மணித்தியாலம் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அது ‘ஒட்டாவா நகருக்கு அடியில்’ இல்லை. நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கார்ப் என்ற கிராமத்தில், கிரவல் அள்ளிய பழைய பள்ளமொன்றில் கட்டியிருக்கிறார்கள். 2001இல் அந்தப் பகுதியை மாநகரோடு சேர்த்துவிட்டபடியால் இப்போது முகவரியில் ஒட்டாவா என்று வரும். கட்டுரையாளர் அதைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். 1959இல் தொடங்கி 1961க்குள் வேலையை முடித்தார்கள். நிலத்துக்குக் கீழே நான்கு மாடி, ஒரு இலட்சம் சதுர அடி. 5 மெகாடன் குண்டு 2 கிலோமீட்டருக்குக் கிட்ட விழுந்தாலும் தாங்க வேண்டும், 535 பேர் 30 நாள் உள்ளே சீவிக்க வேண்டும் என்பது கணக்கு.

அந்த 535 பேரில் மனைவிமாருக்கோ பிள்ளைகளுக்கோ இடமில்லை. பிரதமருக்கும் அதே சட்டம்தான். அப்போது பிரதமராயிருந்த ஜான் டீஃபன்பேக்கர், தன் மனைவி இல்லாமல் அங்கே போகமாட்டேன் என்று சொன்னதாக வழிகாட்டிகள் சொல்கிறார்கள். பிரதமரின் அறையையும் பார்த்தேன். ஒரு ஒற்றைக் கட்டில். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டும்போது அதன் உண்மையான பெயரான ‘மத்திய அவசரகால அரசாங்கத் தலைமையகம்’ என்பதை மறைத்து, ‘பரிசோதனை இராணுவ சமிக்ஞை நிலையம்’, அதாவது இராணுவம் செய்தி அனுப்பி வாங்குகிற இடம், என்று ஒரு பொய்ப் பெயர் வைத்திருந்தார்கள். 1961இல் ரொறன்ரோ பத்திரிகையொன்று மேலே விமானம் விட்டுப் படமெடுத்தது. வெட்டையில் பொருத்தக் காத்துக் கிடந்த கழிப்பறைக் கோப்பைகளை எண்ணினால் 78! ஒரு சமிக்ஞை நிலையத்துக்கு எதற்கு இத்தனை என்று கேட்டுத்தான் அவர்கள் இரகசியத்தை உடைத்தார்கள். டீஃபன்பங்கர் என்ற பகிடிப் பெயரும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். உங்கள் கட்டுரையும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் பொய்க்கு வைத்த பெயர்தான் கடைசியில் பலித்தது. அரசாங்கம் ஒரு நாளும் அங்கே குடிவரவில்லை. இராணுவத்தின் சமிக்ஞைப் பகுதியினர் வந்தார்கள். 1994 வரை, இரவு பகல் என்றில்லாமல் முறை மாற்றி வேலை செய்தார்கள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

ஒளித்திருக்க மட்டுமென்றால் அது கட்டி முடிக்க முன்னமே பழசாகிவிட்டது என்பது சரிதான். குண்டுவீச்சு விமானம் என்றால் வந்து சேர மணிக்கணக்கு எடுக்கும், அமைச்சர்களைக் காரில் ஏற்றிவிடலாம். சோவியத் யூனியனோ 1957இலேயே கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்துவிட்டது. அதன் பிறகு கிடைக்கும் நேரம் நிமிஷக் கணக்குத்தான். அந்த நேரத்தில் பாராளுமன்றக் குன்றிலிருந்து கார்ப்புக்கு யார் போய்ச் சேர்வது? ஆனால் செய்திக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அது கம்பியிலும் வானொலியிலும் போய்விடும். நாட்டின் மற்றப் பக்கங்களில் பென்ஹோல்ட், ஷைலோ, போர்டன், வல்கார்த்தியே, டெபெர்ட், நனைமோ என்று ஆறு இடங்களில் மாகாணங்களுக்கான சின்னத் தலைமையகங்கள் இருந்தன. அவற்றோடு பேச ஒரு நடு இடம் வேண்டும். அதுதான் கார்ப்.

வானொலி அனுப்பும் கருவிகளை அங்கே வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய சக்தியில் அனுப்பும் கருவி பக்கத்தில் இருந்தால் வாங்கும் கருவிக்கு வேறொன்றும் கேட்காது. அதோடு, அலை எங்கிருந்து வருகிறது என்று எதிரி திசை பிடித்தால் முதல் குண்டு அங்கேதான் விழும். ஆகவே பேர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில், அதையும் நிலத்துக்குக் கீழே, தனியாகக் கட்டியிருந்தார்கள். இந்த யோசனையைச் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

செய்திப் பகுதியில் ரெலிபிரிண்டரைப் பார்த்ததும் கால் நகரவில்லை. துளை போட்ட காகித நாடா ஒன்று பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஐந்து துளைக்கான இடம். முதல் இடத்தில் மட்டும் துளை இருந்தால் ஈ (E), ஐந்தாவதில் மட்டும் என்றால் ரீ (T), முதலிரண்டிலும் இருந்தால் ஏ (A). நாற்பது வருஷத்துக்குப் பிறகும் வாசிக்க வந்தது. பிழை விட்டால் அழிக்க முடியாது. நாடாவை ஒரு எழுத்துப் பின்னுக்கு இழுத்து ஐந்து துளையையும் குத்திவிட வேண்டும். மற்றப் பக்கத்து இயந்திரம் அதை ஒன்றும் அச்சடிக்காமல் தாண்டிப் போய்விடும். குத்திய பொட்டுகள் சேட்டிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். பேரனுக்கு இதைச் சொன்னேன். அவன் “டிலீட் பட்டன் இல்லையா, தாத்தா?” என்றான். அந்த ஐந்து துளைதான் டிலீட் பட்டன் என்று சொல்லி முடிக்க முன்னமே அடுத்த அறைக்கு ஓடிவிட்டான். அங்கே அவசரகாலத்தில் நாட்டு மக்களுக்கு அறிவிக்க கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி வானொலிக்கு ஒதுக்கிய சின்ன ஒலிபரப்பு அறை. உயிரோடு யாராவது கேட்பார்களா என்று தெரியாமலே பேசுவதற்காகக் கட்டியது.

என் மனைவி உள்ளே வரவில்லை. “பங்கருக்குள்ள போகக் காசு கட்டிற ஆக்களை இப்பதான் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டுக் காரிலேயே இருந்துகொண்டா. ஊரில் சண்டை நடந்த 1987இல் எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்கு மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும்தான். மாரி தொடங்கினால் முழங்கால் மட்டும் தண்ணீர். உங்கள் கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்த எத்தனை வாசகர் பக்கத்தைத் திருப்பியிருப்பார்களோ தெரியாது.

கட்டுரையாளர் மிக நன்றாக எழுதியது குண்டு அதிர்வுச் சுரங்கத்தைப் பற்றி. இரு முனையும் திறந்த நீளமான குழாய். அதிர்வலை ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்விடும், உள்ளே போகிற கனத்த கதவுகள் பக்கவாட்டில் இருப்பதால் நேரடி அடி விழாது. இதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் முன்பு வாசித்ததில்லை. கீழ்த் தளத்தில் கனடா வங்கியின் தங்கத்துக்கென்று கட்டிய பெட்டகத்துக்குத் தங்கம் வந்து சேரவேயில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். சரி, அதை வீண் என்று சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். செய்திப் பகுதியை அதோடு சேர்க்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் தூக்கம் விழித்து நாடா மாற்றிய இடம் அது.

1994இல் மூடியதும் அதே வருஷம் தேசிய வரலாற்றுத் தலமாக்கினார்கள். ஊர்க்காரர் சிலர் சேர்ந்து 1998இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இது நடக்காமல் விட்டிருந்தால் பென்ஹோல்ட் மாதிரி இடித்து மூடியிருப்பார்கள்.

ரொறன்ரோவிலிருந்து போகிறவர்கள் விடிய வெளிக்கிட்டால் மதியத்துக்கு முன் போய்விடலாம். எந்த வெயிலென்றாலும் ஒரு ஸ்வெற்றர் கொண்டுபோங்கள். நான்காவது தளத்தில் எனக்குக் கை விறைத்துவிட்டது.

இப்படிக்கு,
முன்னாள் தந்தி ஊழியர் ஒருவர்,
ஸ்காபரோ