அப்பா கேட்ட பறவை

அபர்தீன், ஸ்காட்லாந்து,
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு வேலைதான் காரணம், உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

போட்டோ அனுப்பினால் எல்லாரும் நான் இளைத்துவிட்டேன் என்கிறார்கள். நீங்கள் மட்டும் எனக்குப் பின்னால் கூரையில் நிற்கிற பறவை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பவழக்கால் உள்ளான் இல்லை அப்பா. கறுப்பு வெள்ளை உடம்பும் சிவந்த காலும் அப்படி நினைக்க வைக்கும். ஆனால் நம் உப்பளத்துப் பாத்திகளில் நிற்கிற உள்ளானுக்குக் கால் அநியாயத்துக்கு நீளம், அலகு ஊசி மாதிரி மெல்லிசு, கறுப்பு. இதற்குக் கால் குட்டை, தடிமன். உடம்பு அரைக் கிலோ தேறும். அலகு நீளமாக, நேராக, ஆரஞ்சுச் சிவப்பில் இருக்கும். கண்ணும் சிவப்பு. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். ஆய்ஸ்டர்கேட்சர் என்கிறார்கள். நம் நாட்டுக் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் கொஞ்சம் வருமாம். கோடியக்கரைப் பக்கம் நீங்கள் பார்த்ததுண்டா? இங்கே கூடு கட்டுகிறவை அவ்வளவு தூரம் வருவதில்லை. ஆகஸ்டுக்குள் தெற்கே இறங்கிவிடும், பிப்ரவரி, மார்ச்சில் திரும்பிவிடும்.

கடற்கரைப் பறவைக்குக் கூரையில் என்ன வேலை என்றுதானே அடுத்த கேள்வி? இந்த ஊரில் பள்ளிக்கூடம், ஆபீஸ், கிடங்கு பலவற்றுக்கும் தட்டைக் கூரை, மேலே சரளைக் கல். இது வழக்கமாகக் கூழாங்கல் கரையில் குழி பறித்து இரண்டு மூன்று முட்டை இடுகிற பறவை. கூரையையும் கரை என்றே எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளான் குஞ்சு பொரித்த அன்றே தானாக மேயப் போகும், பார்த்திருப்பீர்கள். இது அப்படியில்லை. தாயும் தகப்பனும் இரை கொண்டுவந்து கொடுக்கும். அதனால்தான் கூரையில் பிழைக்க முடிகிறது. விளையாட்டு மைதானத்துப் புல்லில் மண்புழு பிடுங்கிக்கொண்டு நாளெல்லாம் ஏறி இறங்குகின்றன. குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

இதெல்லாம் எதிர்வீட்டுப் பாட்டி சொன்னது. அவர் பேசுகிற ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியாது. கடல்காகம் குஞ்சைத் தூக்க வந்தால் நைட்டியோடு தெருவுக்கு வந்து துடைப்பத்தை ஆட்டிக் கத்துவார், விடியற்காலை நாலு மணியானாலும் சரி. (நாலு மணிக்கு நான் ஏன் விழித்திருந்தேன் என்று அம்மா கேட்பாள். ஜூனில் இங்கே மூன்றரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.) ஒரு நாள் என்னை பஸ்ஸில் ஐத்தன் ஆற்று முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனார். நீர் வற்றியதும் சிப்பிப் படுகையில் இந்தப் பறவைகள்தான். சிலது சிப்பியின் மேலோட்டை அடித்து உடைக்கிறது, சிலது சிப்பி வாய் திறந்திருக்கும்போதே அலகைச் செருகித் தசையை வெட்டுகிறது. அடிக்கிறதுக்கு அலகு நுனி மழுங்கியிருக்குமாம், புழு தின்கிறதுக்குக் கூர்மையாம். தீனி மாறினால் சில வாரங்களில் நுனியும் மாறிவிடும், அலகு வளர்ந்துகொண்டே இருப்பதால். உங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பாட்டி புகைபோட்ட மீன், உருளைக்கிழங்கு, பால் எல்லாம் போட்டு ஒரு சூப் தருகிறார். பாலில் மீனா என்று அம்மா முகம் சுளிக்க வேண்டாம், நன்றாகவே இருக்கிறது. பட்டரி என்று ஒரு ரொட்டி, உப்புக் கரிக்கும். மலிவு, இரண்டு தின்றால் மதியம் தாண்டிவிடும். குளிருக்கு ஹீட்டர் இருக்கிறது. தினமும் போட வேண்டிய அவசியமில்லை, கம்பளி போதும்.

நேற்று கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து இந்தப் பறவை கத்திக்கொண்டே இருந்தது. வரப்பில் உங்கள் பின்னால் நடக்கிற நேரம் ஞாபகம் வந்து, வேலைக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் அழுதுவிட்டேன். அப்பா, இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதீர்கள்.

சரி, முக்கியமான விஷயம். தோப்பில் தன் பங்கை விற்கப்போவதாகச் சித்தப்பா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கஜா புயலில் அத்தனை தென்னையும் விழுந்தபோது அந்தப் பக்கமே வராதவர், கன்று காய்க்க ஆரம்பித்ததும் வருகிறார். பத்திரத்தோடு வந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெரிய மாமாவிடம் காட்டுங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள். வரப்புக் கிணறு யார் பங்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த மாதப் பணம் பத்துத் தேதிக்கு மேல்தான் வரும், சம்பள நாளை மாற்றியிருக்கிறார்கள். தம்பி கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று அவனையே ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். அத்தை வளையலை அடகு வைக்கிற பேச்சு மட்டும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்