ஸ்மார்ட் ஸ்டிக் செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தால் சேலத்தில் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பார்வையற்றவர்களுக்கான ஸ்மார்ட் ஸ்டிக், அதாவது எதிரே தடை வந்தால் சத்தம் போடும் குச்சி ஒன்று தலைகாட்டாமல் இருக்காது. இந்த வருடம் உங்களுடையது. அறிக்கையை முழுக்கப் படித்தேன். சர்க்யூட்டில் தப்பில்லை. ஆனால் அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஐந்து ரோடு சந்திப்பில் நடக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

முதலில் சென்சார். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியை வைத்துத் தூரத்தை அளக்கும் எச்.சி.எஸ்.ஆர்.04 நேராக நிற்கும் சுவரை நான்கு மீட்டர் வரை பிடித்துவிடும். லேபில் நீங்கள் காட்டியதும் சுவர்தான். அதன் ஒலிக்கற்றையின் விரிவு சுமார் 15 டிகிரி. கைப்பிடிக்குக் கீழே, தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டு மீட்டர் தள்ளி அதற்குத் தெரிவது ஏறக்குறைய 64 செ.மீ. முதல் 116 செ.மீ. வரைதான். செவ்வாய்ப்பேட்டையில் லோடு வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முகத்துக்கு நேராக வரும். அந்த உயரம் இதில் இல்லை. உயரம் சரியாக இருந்தாலும் கம்பி மெல்லியது, உருண்டை, போதுமான எதிரொலி திரும்பாது. தொங்கும் சாக்குப் படுதா ஒலியை விழுங்கிவிடும். சாய்த்து வைத்த போர்டு வேறு பக்கம் திருப்பிவிடும். மூடி போன சாக்கடையை உங்கள் குச்சி பார்க்கவே பார்க்காது. சாதாரண வெள்ளைக் கோலின் நுனி ஒரு எட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

அந்தச் சாதாரணக் கோலைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். இடது கால் முன்னே போகும்போது நுனி வலது பக்கம் தட்டும், வலது கால் போகும்போது இடது பக்கம். வீச்சு தோள் அகலத்தைவிடச் சற்றே அதிகம். மண், தார், டைல்ஸ் எல்லாம் தண்டு வழியாக அதிர்வாக விரலுக்கு வந்து சேரும். நீங்கள் அதை எடுத்துவிட்டு பி.வி.சி. பைப் கொடுத்து, அதில் குச்சியை இயக்கும் ஆர்டுயினோ போர்டையும் 9 வோல்ட் பேட்டரியையும் கட்டியிருக்கிறீர்கள். அதிர்வு மங்கிவிடும், மணிக்கட்டு வலிக்கும், பேட்டரி நான்கைந்து மணி நேரம் தாண்டினால் அதிசயம். பஸ்ஸின் தூரத்தையும் வேகத்தையும் காதால் அளப்பவருக்கு பக்கத்திலேயே ஒரு பஸ்ஸர் கத்துவது உதவி அல்ல, தொந்தரவு.

வைவாவில் வெப்பநிலைத் திருத்தம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் புரோகிராமில் ஒலியின் வேகம் மைக்ரோ நொடிக்கு 0.034 செ.மீ. என்று இருக்கிறது, அதாவது நொடிக்கு 340 மீட்டர். மே மாதம் 40 டிகிரி வெயிலில் ஒலி 355 மீட்டர் ஓடும். இரண்டு மீட்டருக்கு ஒன்பது செ.மீ. பிசகும். ஏற்காட்டுக் குளிரில் அதுவும் இல்லை. அந்த ஒன்பது செ.மீ.யால் யாரும் விழமாட்டார்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சிம் கார்டு போடும் ஜி.எஸ்.எம். மாட்யூல் வைத்து இருக்குமிடத்தைப் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாற்பது வயதில் வேலைக்குப் போய் வருகிறவர் எங்கே நிற்கிறார் என்று வீட்டுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? உங்கள் ஃபோனில் அப்படி ஒன்றைப் போட்டால் சும்மா இருப்பீர்களா?

இந்தத் துறையில் ஒழுங்காகச் செய்த வேலையும் உண்டு. ஐ.ஐ.டி. டெல்லி உருவாக்கி 2014-இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன், வெள்ளைக் கோலை மாற்றவில்லை. அதன் மேல் மாட்டிக் கழற்றும் கைப்பிடி அது. கோல் தொடாத, முழங்காலுக்கு மேல் உள்ள தடைகளை மட்டும் அதிர்வால் சொல்லும். பார்வையற்றவர்களோடு சேர்ந்து சோதித்துச் செய்தது என்பது அந்த அடக்கத்திலேயே தெரியும்.

இனி உங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறேன். பிரச்சினை என்ற தலைப்பின் கீழ் கண்ணை எழுதியிருக்கிறீர்கள். 1976-இல் பிரிட்டனில் உடல் ஊனமுற்றவர்களே நடத்திய யூ.பி.ஐ.ஏ.எஸ். அமைப்பு இதைத் தலைகீழாக்கியது: உடலில் இருக்கும் குறை வேறு, அதன் மேல் சமூகம் சுமத்தும் முடக்கம் வேறு. மைக் ஆலிவர் போன்ற சமூகவியலாளர்கள் அதைச் சமூக மாதிரியாக வளர்த்தார்கள். இந்தக் கண்ணால் பார்த்தால் உங்கள் ப்ராஜெக்டின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சாக்கடைக்கு மூடி போடாதவருக்குச் செலவில்லை. விழக்கூடியவர் குச்சி வாங்க வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், ரிப்பேர் பார்க்க வேண்டும். அப்படியும் விழுந்தால் குச்சியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பார்கள்.

அதே கைத்திறமையைத் தெருப் பக்கம் திருப்புங்கள். முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் எம்.பி.யூ.6050 சென்சாரைச் சக்கர நாற்காலியின் இருக்கைக்கு அடியில் இறுகக் கட்டி, ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் வரை சரிவைப் பதிவு செய்யலாம். உருளும்போது முடுக்கமும் சேர்ந்து கோணம் துள்ளும். அதிலேயே சுழற்சியை அளக்கும் ஜைரோவின் அளவையும் கலந்து துள்ளலைக் குறைக்கும் காம்ப்ளிமென்டரி ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நொடி நிறுத்தி அளவெடுங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் டேப்பும் போட்டோவும் கட்டாயம்.

சாய்தளத்துக்கு 1:12 என்பது கணக்கு, டிகிரியில் 4.8. 30 செ.மீ. ஏற 3.6 மீட்டர் நீளம் வேண்டும். கடை வாசல்களில் 45 செ.மீ. உயரத்துக்கு ஒரு மீட்டரில் போடுகிறார்களே, அது 24 டிகிரி, ஸ்கூட்டி ஏற்றும் சரிவு. நடைபாதையில் பார்வையற்றவர் காலாலும் கோலாலும் உணரும் டைல்ஸ் உண்டு: கோடு போட்டது என்றால் போகலாம், புள்ளி போட்டது என்றால் நில். புள்ளியையே நெடுக ஒட்டினால் வழி தெரியாது; கோடு போய் ஈ.பி. பெட்டியில் முட்டினால் ஆபத்து.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்காதீர்கள். கண் கட்டிய உங்களுக்குப் பயம் மட்டும்தான் தெரியும், பழகியவரின் திறமை தெரியாது. ஒரு பார்வையற்றவரையும் ஒரு சக்கர நாற்காலிக்காரரையும் அணியில் சேருங்கள். நாள்கூலி கொடுங்கள், அறிக்கையில் பெயர் போடுங்கள்.

அளவுகளைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 45-ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்து வருடம் தந்தது. விதிகள் வந்த நாளிலிருந்து அந்த ஐந்து வருடம்; 2017-இல் விதிகள் வந்தன, 2022-இல் கெடு முடிந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. புதுக் கட்டடமென்றால் 44-ஆம் பிரிவு: விதியைப் பின்பற்றாமல் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது. அந்தச் சான்றிதழின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு அண்ணன்