கல்யாணப் பொண்ணுக்குப் பன்னீர்

குப்பம், சித்தூர் மாவட்டம்
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் இடுப்பில் மாறி மாறி இருந்த பிள்ளை! மாப்பிள்ளை வீடு ஆம்பூர் என்பதால் வாணியம்பாடியிலிருந்து நீ நினைத்தபோது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதுவே பெரிய நிம்மதி.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் இன்னமும் ரயிலில்தான் பெங்களூர் போய் வருகிறான். மாமியாருக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. போரில் தண்ணீர் பரவாயில்லை, ரோஜாவும் சாமந்தியும் தப்பித்தன. ஆயுத பூஜை நெருங்குவதால் விடியற்காலையிலிருந்து பூப்பறிப்புதான் வேலை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். முகம் தெளியப் பிள்ளையைத் தினமும் பன்னீர் போடச் சொல்லலாமா, மார்க்கெட்டில் ரோஜா வாங்கி வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடட்டும். ஆனால் மார்க்கெட் ரோஜாவில் மட்டும் செய்யாதே. இதைப் பூ விளைவிக்கிற வீட்டிலிருந்து சொல்கிறேன்.

ரோஜாவுக்கு இலைப்பேன், செம்பேன், சாம்பல் நோய், கரும்புள்ளி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். மருந்து அடிக்காமல் மாலைக்கு ஏற்ற பூ எடுப்பது கஷ்டம். இன்று சாயங்காலம் அடித்த செடியில் நாளை விடியலில் பூப்பறிப்பதும் நடக்கிறது. சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஏறிவிடும், எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. அந்தப் பூ சாமிக்குப் போகலாம், தலைக்குப் போகலாம். அதை வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் முகத்தில் தினமும் தடவுவதற்கு எனக்கு மனம் ஒப்பாது. அதனால்தான் மாட்டுக்கொட்டகை ஓரமாக எட்வர்டு ரோஜாச் செடிகளைத் தனியாக வைத்திருக்கிறேன். அங்கே சாணமும் வேப்பம் புண்ணாக்கும் தவிர வேறெதுவும் போவதில்லை. பூ சிறுத்துத்தான் இருக்கும், மார்க்கெட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். வாசனை மட்டும் கொட்டகை முழுக்க நிற்கும். டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து வந்த போர்பன் வகையைச் சேர்ந்தது அது. மாலைக்கு வரும் காம்பு நீண்ட, வாசனையில்லாத பூவில் என்ன வடித்தாலும் வெறும் தண்ணீர்தான் வரும்.

கடையில் வாங்குவதானால் பாட்டிலின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படி. ‘ரோசா டமாசீனா ஃப்ளவர் வாட்டர்’ என்று முதலிலேயே இருந்தால் அது வடித்த பன்னீர். ‘அக்வா’, ‘ஃப்ராக்ரன்ஸ்’, அப்புறம் ஒரு கலர் நம்பர் என்று மட்டும் இருந்தால் தண்ணீரில் சென்ட் கலந்தது. வடித்த பன்னீருக்கு நிறமே கிடையாது. இளஞ்சிவப்பாக இருந்தால் சாயம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள். கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட் மாதிரி ஏதாவது சேர்த்திருந்தால் பயப்படாதே. அது இல்லாவிட்டால்தான் பாட்டிலுக்குள் கிருமி வளரும்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றும் பெரிய செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை வேறொரு செம்புக்கு இறக்குகிறார்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். எண்ணெயோடு சேர்ந்து இறங்கும் நீர்தான் பன்னீர். ரோஜா வாசனையில் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்று ஒரு பகுதி தண்ணீரில் நன்றாகக் கரையும். அது நீரிலேயே தங்கிவிடுவதால்தான் எண்ணெயை எடுத்த பிறகும் பன்னீர் மணக்கிறது.

நான் செய்வது இட்லிப் பானையில்தான். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், ஏறினால் வாசனை இறங்கிவிடும். பானை நடுவில் ஒரு சின்னக் கல், அதன்மேல் கிண்ணம், சுற்றிலும் இதழ், இதழ் மூழ்கும் அளவு தண்ணீர். மூடியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஐஸ் கட்டி. அடுப்பு சிறு தீயில் எரியட்டும். ஆவி மூடியில் பட்டு, நடுவிலிருக்கும் குமிழில் திரண்டு, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். முதலில் விழுவதுதான் நல்ல வாசனை. இதழ் வெளுத்து, வெந்த கீரை வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். புதிதாக வடித்ததிலும் கொஞ்சம் வெந்த வாடை இருக்கும், மறுநாள் தெளிந்துவிடும். கொதிக்க வைத்த பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கலங்கினால் கொட்டிவிடு. பூவை வேகவைத்து வடிகட்டிய சிவப்புத் தண்ணீரைப் பன்னீர் என்று சொல்கிறார்களே, அது இன்னும் சீக்கிரம் கெடும்.

அதன் பலன் என்ன என்று கேட்டால், சின்னச் சின்ன பலன்கள்தான், ஆனால் உண்மையானவை. வெயிலில் போய்விட்டு வந்த முகத்தில் தெளித்தால் எரிச்சல் தணியும். எண்ணெய் வழியும் முகத்தில் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் கொஞ்ச நேரத்துக்கு இறுக்கமாக, சுத்தமாக இருக்கும். ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு குளிர்ந்த பஞ்சை இமைமேல் வைத்துக்கொண்டால் சுகம். கண்ணுக்குள் மட்டும் விடக்கூடாது, அது கண் மருந்து மாதிரி கிருமி நீக்கியது கிடையாது.

மார்கழிக் குளிரில் வெறும் பன்னீர் போட்டு விட்டுவிட்டால் அது ஆவியாகிப் போய்த் தோல் முன்பைவிட வறளும். ஈரம் காய்வதற்குள் மேலே மாய்ச்சரைசர் தடவ வேண்டும். கைகாலுக்கு என்றால் ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று, நான்கு பங்கு பன்னீர் கலந்து வைத்துக்கொள். இந்த ஊர்க் குளிர் காற்றில் என் குதிகால் வெடிக்காமல் இருப்பது அதனால்தான். ரோமாபுரியில் இருந்த கேலன் என்ற வைத்தியர் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே ரோஜா நீர், எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் குழைத்துக் களிம்பு செய்திருக்கிறார். நாம் வாங்கும் கோல்ட் கிரீமுக்கு அதுதான் மூலம்.

பூச்சுக்கும் பன்னீர் நல்ல துணை. எண்ணெய்த் தோல் என்றால் முல்தானி மிட்டியில் குழைக்கலாம், ஆனால் வெடிக்கும்வரை காயவிடாதே. வறண்ட தோலுக்கு எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தெலுங்கு அக்கா செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே கல்யாணத்துக்கு முன்னால் நலுகு வைத்துப் பொண்ணைக் குளிப்பாட்டுவார்கள். பச்சைப் பயறும் மஞ்சளும் சேர்த்து அரைத்த சுன்னிப்பிண்டியை அவர் தயிரிலும் பன்னீரிலும் குழைத்துத் தேய்ப்பார். எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. வெயிலில் போனால் முகம் எரியும், கருப்பும் படியலாம்.

இனி முக்கியமான விஷயம். பிள்ளைக்கு முகப்பரு நிறைய என்று எழுதியிருந்தாய். அதைப் பன்னீர் ஆற்றாது, செல்வி. தழும்பையும் போக்காது, நிறத்தையும் மாற்றாது. இந்த வாரமே தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. பரு மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், தைக்குச் சரியாக இருக்கும். பன்னீரையும் சேர்த்துப் போடலாமா என்று அவரிடமே கேள். மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் ‘சிவப்பாக்கும் கிரீம்’ எதையும் தொடவிடாதே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, பரு பெருகி, நிறுத்தவும் முடியாமல் போகும். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் அந்த அவதியில் இருக்கிறாள். பார்க்கவே வயிறு எரிகிறது. நம் பிள்ளை மாநிறம், அவளுக்கு அதுதான் அழகு.

முகத்தில் போடுவதற்கு முன்னால் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல். ரோஜாவில் இயற்கையாகவே இருக்கும் ஜெரானியால், சிட்ரோனெல்லால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அரிப்பும் தடிப்பும் வரும். கல்யாண வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். மண்டப வாசலில் பன்னீர் செம்பு பிடிக்கும் பிள்ளைகளிடமும் கைப்பக்கம் தெளிக்கச் சொல். அங்கே வாங்குவது பெரும்பாலும் மலிவான சென்ட் தண்ணீர்தான்.

ஐப்பசியில் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரண்டு நாள் இரு. ஜோலார்பேட்டை தாண்டினால் அடுத்து நாங்கள்தானே. அதற்குள் கொட்டகைச் செடி இன்னொரு சுற்றுப் பூத்திருக்கும், வடித்து வைக்கிறேன். அவளே பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்ளட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. பட்டுப்புடவை காஞ்சிபுரம் போய் எடுப்பதா, வேலூரிலேயே எடுப்பதா என்றும் சொல், நானும் கூட வருகிறேன்.

உன்
விஜயா