செல்லிக்கும் அவள் குட்டிகளுக்கும் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவுக்கு வெளியிலிருந்து ஓடி வந்தவர்களுக்கும் வணக்கம்.

நம் தெருப்பூனை செல்லியின் கடைசிக் குட்டி போன ஞாயிற்றுக்கிழமை உறையூருக்குப் போய்விட்டது. கொட்டிலில் பழைய செப்பு அண்டாவுக்கு அடியில் இப்போது ஒரு கிழிந்த போர்வைதான் கிடக்கிறது. அதைத் துவைக்க எடுத்தபோதுதான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் செய்தது அடுத்தவருக்குத் தெரியாது, அடுத்தவர் செய்தது உங்களுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

செல்லி யாருடைய பூனையும் இல்லை. ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவின் மதில் மேலும் கூரை மேலும் வளர்ந்தவள். நான் வைக்கும் தயிர்சாதத்துக்காகக் கொல்லைப்பக்கம் வந்துபோவாள். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறமும் கலந்தவள். மார்கழி 6-ஆம் தேதி, சனிக்கிழமை விடியற்காலை, அண்டாவுக்கு அடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஐந்து குட்டி போட்டிருந்தாள். கோலம் போட்டுவிட்டு வந்து பார்த்தால் எட்டு. பூனை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு குட்டிதான் போடும். எட்டு என்றால், அவளுக்கு இருக்கும் எட்டுக் காம்புக்கும் சரியாக ஒவ்வொன்று. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். காம்பு எட்டு இருந்தாலும் பலமான குட்டி முந்திப் பிடித்துக்கொள்ளும், நோஞ்சான் ஓரமாகத் தள்ளப்படும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

தெரிய வைத்தது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும், நம் தெருமுனை வீட்டுப் பெண். லீவுக்கு வந்த பிள்ளை, பெட்டியைக்கூடத் திறக்காமல் கொட்டிலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். எட்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். "டீச்சர், முதல்ல சூடு, அப்புறம்தான் பால்" என்றாள். பிறந்த குட்டியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் அது படுத்திருக்கும் இடமே 30 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். நம் ஊர் மார்கழி ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் அது செரிக்காது, உயிருக்கே ஆபத்து. இதை அவள் சொல்லியிராவிட்டால், பசியில் கத்துகிறது என்று நான் பாலைத்தான் முதலில் புகட்டியிருப்பேன்.

மருந்துக்கடைத் தம்பி ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒரு கை நிறையவும் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். தில்லைநகர் வரை பஸ்ஸில் போய்க் குட்டிகளுக்கான பால்பவுடர் வாங்கி வந்த கல்லூரிப் பையா, அன்று மாலை உனக்குப் பரீட்சை இருந்தது என்று மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரப் பாட்டி வெள்ளிப் பாலாடையோடு வந்தார். மூன்று தலைமுறைக் குழந்தைகள் பால் குடித்த பாலாடை. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாமக்கல் பிள்ளைதான் மெதுவாகச் சொன்னாள். பூனைக்குட்டியை நம் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறப் படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கி, சொட்டுச் சொட்டாக அதுவே உறிஞ்ச விட வேண்டும் என்று. பாட்டி துளியும் வருத்தப்படவில்லை. பாலாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, குப்புறப் புகட்டுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 82 வயது.

அந்தப் பாட்டியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது அவர் வீட்டின் கொல்லைக் கட்டுப் பகுதியில். அந்த வீட்டுக்குள் வெங்காயம்கூட நுழைந்ததில்லை. பூனையோ மாமிசம் தின்று வாழும் உயிர். எட்டுக்குப் பால் கொடுப்பவளுக்குத் தயிர்சாதம் எந்த மூலைக்கு? வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும், அதுவும் மீனும் கறியும் வேண்டும். இரண்டு நாள் கேட்கத் தயங்கி, மூன்றாம் நாள் கேட்டேன். பாட்டி என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "பெத்தவடி அது. அதுக்கு வேணுங்கறதக் குடுக்காம, நம்ம ஆசாரத்தை அதும் தலையில கட்டுவியோ? கொல்லைல வச்சுப் போடு, எடத்தை அலம்பி விடு, அவ்ளோதானே." பாட்டி, அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து ஆட்டோ அண்ணன் வீட்டு அக்கா தினம் இரண்டு வேளை, உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாமல் அவித்த கோழியும் முள் எடுத்த மீனும் தூக்குவாளியில் அனுப்பினார். நாற்பது நாள். அவர்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் மீன் சமைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஒவ்வொரு மீன் முள்ளையும் விரலால் தடவிப் பார்த்து எடுத்த அந்தக் கைக்கு என்ன சொல்வது, அக்கா?

பத்தர் ஐயா, உங்களை நினைக்காமல் குட்டிகளின் எடை எழுதிய இந்த நோட்டை என்னால் திறக்க முடியவில்லை. குட்டி தேறுகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, எடை போட்டால்தான் தெரியும். நல்ல குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளொன்றுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். மளிகைக்கடைத் தராசு இதற்கு உதவாது. நகைத் தராசை வெளியே கொடுக்கும் வழக்கமில்லை என்று நீங்கள் சொன்னபோது சரி என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தராசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நீங்களே வாசலில் நின்றீர்கள். அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கிண்ணத்தில் பஞ்சு போட்டு, அதன் எடையைக் கழித்து, குட்டியைத் தங்கக் காசு வைப்பது போல் வைத்து, அது ஆடி அசைந்து ஓயும் வரை மூச்சுவிடாமல் காத்திருந்து, உங்கள் குச்சி எழுத்தில் எழுதுவீர்கள். பெரியவன் 104. சாம்பல் 96. பொடிசு 71. கடைசி ஒன்று 58.

அந்த 58 கிராம் இரண்டாம் ராத்திரியே போய்விட்டது. என் உள்ளங்கைச் சூட்டில்தான் இருந்தது. பவழமல்லி மரத்தடியில் புதைத்தோம். நோட்டில் அதன் வரிசையை அடிக்காமல், வெறுமனே விட்டுவைத்தீர்கள்.

மீதி ஏழையும் இரண்டு குழுவாகப் பிரித்தோம். பெரிய நான்கையும் வெந்நீர்ப் பை வைத்த கூடையில் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்து, சின்ன மூன்றை முதலில் தாயிடம் விடுவது. அப்புறம் மாற்றுவது. பொடிசுக்கு மட்டும் மூன்று மணிக்கொரு தடவை சிரிஞ்சில் மேல்பால். பகலில் அரையாண்டு விடுமுறை இருந்தது, சமாளித்தேன். ராத்திரிக்கு மார்கழிதான் கை கொடுத்தது. வேறு எந்த மாதமாக இருந்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு யாரைப் போய் எழுப்புவது? இது திருப்பாவைக்கு எழும் தெரு. குளித்து ஈரத்தலையோடு வரும் கீழண்டை வீட்டு அக்காமார் மூவரும் நான்கு மணி முறையை எடுத்துக்கொண்டார்கள். பொடிசுக்குப் புகட்டிவிட்டுத்தான் வாசல் தெளித்தார்கள். ராத்திரி பத்து மணியையும் ஒரு மணியையும் நான் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு மணித் தூக்கத்தை எனக்குக் கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

எட்டாம் நாள் குழந்தைகள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்ததில் செல்லி மிரண்டுபோனாள். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். இவள் மாற்றியது ஒரு வீடு, அதுவும் பாட்டியின் ரேழிக்கு. ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வி, குட்டியின் கால்கள் சுருண்டு தொங்க, தாழ்வாரத்தின் ஓரமாகவே நடந்து, விசுப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். ஏழு தடவை. ஒரு குட்டிகூடக் கத்தவில்லை, அசையவில்லை. பாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு ஏழையும் எண்ணினார். குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாய் பிடித்துக்கொள்ளும், சரணாகதி என்றால் பூனைக் குட்டி மாதிரி கிடப்பது என்று இந்த ஊரில் காலட்சேபம் கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். "இத்தனை வருஷமா கேட்டிருக்கேன், இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் பாட்டி. அதற்கப்புறம் ரேழியிலிருந்து அவளைக் கிளப்ப அவர் யாரையும் விடவில்லை.

ஜனவரி 10, வைகுண்ட ஏகாதசி. குட்டிகளுக்கு இருபதாம் நாள். காலை எட்டு மணிக்குச் செல்லி குட்டிகளை விட்டு எழுந்து தடுமாறி நடந்தாள். பின்னங்கால் விறைத்திருந்தது. உடம்பு முழுக்க நடுக்கம், வாயைத் திறந்து இரைத்தாள். நாமக்கல் பிள்ளைக்குப் போன் செய்தேன். இரண்டு கேள்வி கேட்டாள், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னாள். நிறையக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுகிறது. தாமதித்தால் வலிப்பு வந்து உயிர் போய்விடும்.

அன்றைக்கு நம் தெருக்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோ உள்ளே வர வழியில்லை. செல்லியைத் தூக்கிப் போக ஒரு கூடையும் இல்லை. திண்ணையோரம் கடை போட்டிருந்த பூக்காரம்மா என்னைப் பார்த்தார், என் கையில் துணியில் துடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வருடத்திலேயே பெரிய வியாபார நாள் அது. கூடை நிறைய இருந்த கதம்பத்தை அப்படியே வாழையிலையில் கவிழ்த்துவிட்டு, ஈரக் கூடையைத் துடைத்துக் கொடுத்தார். ஊரே சொர்க்கவாசலுக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது, நாங்கள் மட்டும் ராஜகோபுரத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தோம். பூக்கூடை என்று நினைத்து எத்தனையோ பேர் விலகி வழிவிட்டார்கள். தடுப்பருகே நின்ற காவலர் ஒருவர் கூடைக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டதும் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, எங்களை முன்னால் விட்டு, காந்தி சாலை வரை கூடவே வந்தார். அவர் பெயர் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள் ஐயா, அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஆட்டோ அண்ணன் காவிரிப் பாலத்தை எப்படிக் கடந்தார் என்று எனக்கு நினைவில்லை. டாக்டர், விடுமுறை நாளில் வீட்டிலிருந்து வந்து பூட்டைத் திறந்தீர்கள். மாட்டுக்கு வரும் பால் சுரம் மாதிரிதான் இது என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். கால்சியத்தை நரம்பில் மிக மெதுவாக ஏற்றினீர்கள், ஒரு கையால் ஊசியைத் தள்ளிக்கொண்டே, மறு கையால் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று அப்புறம்தான் சொன்னீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கி, அவள் தலையைத் தூக்கி என் விரலை நக்கியபோது நீங்களும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். நான் பார்த்தேன்.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் விடக் கூடாது என்றார் டாக்டர். அன்றைய ராத்திரி ஏழு குட்டிக்கும் நாங்களே தாய். சிரிஞ்சில் பால் புகட்டினால் மட்டும் போதாது. அந்த வயதில் சில குட்டிகள் தாய் நக்கிவிட்டால்தான் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகும், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் தடவித் துடைத்து நாங்கள்தான் போகவைக்க வேண்டும். பாட்டியின் கூடத்தில் பத்தர் ஐயா வீட்டம்மா, ஆட்டோ அக்கா, கீழண்டை அக்காமார், பூக்காரம்மா, நான் என்று வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் புகட்ட ஒருவர் துடைக்க, ஒருவர் வெந்நீர்ப் பையை மாற்ற. ஆட்டோ அக்கா அந்த வீட்டுக் கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. "தரையில உக்காராதே, சில்லுனு இருக்கும்" என்று பாட்டி அவருக்குத் தன் பாயைப் போட்டார். நாயனச் சத்தம் கோயில் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. விடியும்போது ஏழும் வயிறு உருண்டு தூங்கின.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வாரத்தில் அவித்த கோழியை மசித்துக் கொடுக்க ஆரம்பித்தோம். எட்டு வாரம் முடிந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். திருவானைக்காவலுக்கு இரண்டு, நம் தெருவிலேயே மூன்று, மேலூருக்கு ஒன்று, கடைசியாக உறையூருக்குப் பெரியவன். தெருவில் இருக்கும் அந்த மூன்றில் ஒன்றான பொடிசு எங்கும் போகவில்லை. பூக்காரம்மா வீட்டில், அந்தக் கூடையில்தான் படுக்கிறாள். செல்லிக்கு டாக்டர் கருத்தடை செய்துவிட்டார். அந்தச் செலவைத் தெருவில் யார் யார் பகிர்ந்துகொண்டீர்கள் என்று கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை, அதனால் பெயர் குறிப்பிடாமலே வணங்குகிறேன்.

பத்தர் ஐயா, உங்கள் தராசு 500 கிராமுக்கு மேல் தாங்காது என்பதால் ஒவ்வொன்றாக நோட்டிலிருந்து விடைபெற்றன. கடைசி வரி பொடிசுடையது. நாற்பதாம் நாள், 496. அதற்கு அடியில் நீங்கள் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். மருந்துக்கடைத் தம்பிக்கு வெந்நீர்ப் பை இரண்டையும், ஆட்டோ அக்காவுக்குத் தூக்குகளையும் அன்றைக்கே சேர்த்துவிடுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
கொல்லைக் கட்டு டீச்சர்,
ஸ்ரீரங்கம்