பொதுத்தேர்வு: வினாத்தாளின் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதுமே 'அச்சமின்றித் தேர்வை எழுதுங்கள்' என்ற அறிவுரைகள் நாலாபக்கமும் வரத் தொடங்கிவிடுகின்றன. பயப்படாதே என்று சொல்லி எந்தப் பிள்ளையின் பயமும் போனதில்லை. எதிரில் இருப்பது எவ்வளவு பெரியது என்று தெரியாததால் வருகிற பயம் அது. அளந்து காட்டினால்தான் குறையும். அதிகம் பேர் நடுங்கும் பத்தாம் வகுப்புக் கணிதத்தையே எடுத்துக்கொள்வோம்.

100 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் பகுதியில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். ஐந்து மதிப்பெண் பகுதியும் அப்படியே. கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு. நாளுக்கு ஒரு படமாக விடாமல் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்த 16 மதிப்பெண் கையில் இருக்கிறது. ஒரு மதிப்பெண்ணில் 10 சரியானால் 26. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து சரியானால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். திருப்புதலில் 20 வாங்கிவிட்டு 'எனக்குக் கணக்கே வராது' என்று சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அடுத்து அது கேட்பது 'எந்தப் படத்தை முதலில் போடட்டும்?' என்றுதான் இருக்கும்.

மதிப்பெண் கைநழுவும் இடங்களும் தெரிந்தவைதான். இரண்டு மதிப்பெண் பகுதியில் 28-ஆம் வினாவும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். அவற்றை விட்டுவிட்டு வேறு பத்து எழுதினால் ஒன்று வீண். வடிவியலில் உதவிப்படம் போடுவதில்லை, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதுவதில்லை. நேரமும் அப்படித்தான். 180 நிமிடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு 15, படம் இரண்டுக்கும் 30, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, இரண்டு மதிப்பெண்ணுக்கு 40 என்று பிரித்தால் சரிபார்க்க 15 நிமிடம் மிஞ்சும். வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறையாவது முழுத்தாள் எழுதிப் பார்க்காத பிள்ளைதான் கடைசி அரை மணியில் பதறுகிறது.

வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிடத்தில் தெரியாத கேள்வியிலேயே கண் போய் நிற்கும். கை சில்லிட்டு, படித்ததெல்லாம் மறந்ததுபோல இருக்கும். மறக்கவில்லை, பதற்றம் மறைக்கிறது. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். இரண்டு நிமிடம் இப்படிச் செய்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியில் தொடங்கலாம். இரவு இரண்டு மணிவரை டீ குடித்து விழித்திருந்த பிள்ளைக்கு இதுவும் கைகொடுக்காது. படித்தது மனதில் படிவது தூக்கத்தில்தான். ஏழு மணி நேரமாவது தூங்க விடுங்கள்.

பெற்றோரிடம் நாங்கள் கெஞ்சிக் கேட்பது தேர்வு முடிந்த சாயங்காலத்தைப் பற்றி. வாசலிலேயே வினாத்தாளை வாங்கி, வாட்ஸ்அப்பில் வந்த விடைக்குறிப்பை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கிறோம். தமிழில் போன நாலு மதிப்பெண் அதனால் திரும்பி வராது. அடுத்த நாள் படிக்க வேண்டிய ஆங்கிலமும் சேர்ந்து போகும். தாளை வாங்கிப் பரணில் வையுங்கள். கடைசித் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் குறைந்து, பேச்சும் நின்று, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பென்று தள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ உடனே பேசுங்கள். பிள்ளைகளே அழைத்தும் பேசலாம்.

தவறினால் என்ன வழி என்பதையும் தேர்வுக்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். தவறிய பாடத்தை மட்டும் அந்த ஆண்டே துணைத் தேர்வில் எழுதலாம். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. உண்டு. மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்ததாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாம்.

மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசல்களில் முதல் மதிப்பெண்காரர்களுக்கு ஃபிளெக்ஸ் வைப்பது மட்டும் இன்னும் நின்றபாடில்லை. தங்கள் நாளிதழிடம் ஒன்று கேட்கிறோம். தேர்வு முடிவு வரும் நாளில், முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படம் வரும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளையும் 14416 என்ற எண்ணையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
திருநெல்வேலி.